மூன்றாம் சிலிண்டர்

குருவைத் தேடி மலையேறிய சீடர்கள் உண்டு. அர்த்தநாரி டவுன் பஸ் ஏறிப் போனார். தாராபுரத்திலிருந்து உடுமலை போகும் ரோட்டில், எடை மேடைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு டீசல் ஒர்க்‌ஷாப். அவர் போய் நின்ற நேரத்தில் குரு ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

குருவின் பெயர் தமயந்தி. வயது முப்பத்து நாலு. ஐ.டி.ஐ. படித்து, கோயமுத்தூரில் ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவள். சீடனுக்கு வயது ஐம்பத்தொன்று. நூல் மில்லில் இருபத்து நாலு வருடம் ஃபிட்டர். மில்லை மூடியதும் வீட்டில் ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தார். வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கும்தான்.

அவர் இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆயிற்று. அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பேருமே பதில் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அர்த்தநாரி கலங்கிப் போய் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்கு மருமகன் சொல்லி வைத்திருந்தான். உட்கார நாற்காலி, மேலே ஃபேன், போட்டுக்கொள்ள நீல உடுப்பு. சனிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போக அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் இங்கே இருக்கத் தனக்கு லாயக்கு உண்டா என்பதும் அவருக்கு விளங்கவில்லை. மில்லில் அவர் கை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இங்கே அப்படி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

சுற்றி வளைக்காமல் அவளிடமே கேட்டுவிட்டார்.

"எனக்கு இந்த வேலை வருங்களா, வராதுங்களா? நெசத்தைச் சொல்லிப்போடுங்க அம்மிணி."

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நின்ற இடத்திலேயே அது உடம்பைக் குலுக்கியது. நாலு அடிக்கு மூணு அடியாக ஒரு சத்தம், நொண்டிக்கொண்டு ஓடுகிறவன் காலடி போல. பின்னால் வெள்ளைப் புகை.

"இது எதனால மிஸ் ஆகுதுன்னு பாருங்ணா," என்றாள். "சனிக்கெழமை உங்களுக்குப் பதில் சொல்றேன்."

இது பரீட்சையா, தட்டிக் கழிக்கிறாளா என்று அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தயங்கினார். ஒரு கேள்வியோடு வந்தவருக்கு இப்போது இரண்டு இருந்தன.

வண்டிக்காரர் சென்னியப்பன், தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் ஏற்றுகிறவர். பதினாறு வருடத்து வண்டி. முதலில் காலையில் மட்டும் குலுங்கியதாம், வெயில் ஏறினால் சரியாகிவிடுமாம். இப்போது நாள் பூராவும் இப்படித்தான். ஏற்றத்தில் இழுப்பதில்லை. வழியில் ஒரு மெக்கானிக் இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தான். இரண்டு மாதம் முன்பு இங்கேதான் நாசில் சர்வீஸ் செய்ததாகவும் சொன்னார்.

நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பூவாகத் தெளிக்கிற சாமான். சிலிண்டர் நாலு, நாசிலும் நாலு. அன்றைக்கு அந்த நாலையும் கழற்றி மாட்டியது அர்த்தநாரிதான். அதனால் அவருக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நாசில் பக்கம் இருக்காது.

திங்கட்கிழமை டீசல் ஃபில்டரை மாற்றினார். பைப்புக்குள் காற்று புகுந்திருக்கலாம் என்று ஏர் எடுத்தார். செவ்வாய்க்கிழமை ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதினார், டேங்கைக் கழுவினார், மறுபடியும் ஏர் எடுத்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் முன்னைக்கு இப்போது தேவலை என்று தோன்றும்.

தமயந்தி அந்தப் பக்கம் போகும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"மாறுச்சுங்களா?"

"கொஞ்சம் மாறுன மாதிரி இருக்குதுங்க."

"மாதிரிங்களா?"

அர்த்தநாரி மறுபடியும் கேட்டுப் பார்த்தார். வண்டி முதலில் வந்தபோது எப்படிக் குலுங்கியதோ அப்படியே குலுங்கிக்கொண்டிருந்தது. தேவலை என்று சொன்னது இன்ஜின் இல்லை, தன் ஆசை என்று புரிந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் நாசில் பக்கம் வந்தார். டீசல் இன்ஜினில் எந்தச் சிலிண்டர் கோளாறு என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப்பின் நட்டை லூஸ் செய்ய வேண்டும். டீசல் வெளியே சிந்திவிடும், அந்தச் சிலிண்டருக்குத் தீனி நின்றுவிடும். அப்போது சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

ஒன்றாம் நம்பர் நட்டை லூஸ் செய்தார். இன்ஜின் ஆடிப் போயிற்று. போனட்டின் மேல் வைத்திருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. பதறிப்போய் உடனே முறுக்கினார். இரண்டாம் நம்பரும் ஆடியது, ஒன்று அளவுக்கு இல்லை. மூன்றாம் நம்பரை லூஸ் செய்தார். டீசல் நன்றாகவே பீய்ச்சியது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பர் கொஞ்சம் ஆடியது.

அர்த்தநாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்டுபிடித்துவிட்டார். ஒன்றாம் நம்பர் நாசிலைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு தாராபுரத்துக்கு பஸ் ஏறினார். நாசில் டெஸ்ட் செய்கிற கடைக்காரர் அதை மிஷினில் மாட்டிக் கையால் அடித்துப் பார்த்தார். பனி மாதிரி தெளித்தது. மறுபடி அடித்தார். நாசில் அருமையாக இருக்கிறது, இதை யார் கழற்றச் சொன்னது என்று கேட்டார்.

திரும்பி வந்த அர்த்தநாரி நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று நின்றார்.

"ஒண்ணாம் நம்பரை எதுக்குங்ணா கழட்டுனீங்க?" தமயந்தி கேட்டாள்.

"அதுதானுங்க ரொம்ப ஆடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. மில்லில் ஒரு ஆள் லீவு போட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். சம்பந்தமில்லாமல் என்ன கேள்வி இது என்று அவருக்குக் குழப்பமாக இருந்தாலும் பதில் சொன்னார்.

"நூல் அறுந்து கெடக்கும். மிஷின் நிக்கும். சூப்பர்வைசர் கத்துவாருங்க."

"ஒரு ஆள் வராமயும் எதுவும் நிக்கலைன்னா?"

அர்த்தநாரி அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்தார். வந்தும் வேலை செய்யாத ஆள் ஒருத்தன் மில்லில் இருந்தான். அவன் வராத நாளில் ஒன்றுமே மாறாது. லீவு போட்டதே மறுநாள்தான் தெரியவரும். மூன்றாம் நம்பரை நிறுத்தியபோதும் இன்ஜினில் ஒன்றும் மாறவில்லை.

எழுந்து போய் ஒன்றாம் நம்பரை இருந்த இடத்தில் மாட்டினார்.

வியாழக்கிழமை முழுக்க மூன்றாம் நம்பரோடு மல்லுக்கட்டினார். அந்தச் சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. மூன்றாம் நாசிலைக் கழற்றி இரண்டில் மாட்டினார், இரண்டில் இருந்ததை மூன்றில் மாட்டினார். கோளாறு நாசிலில் இருந்தால் அது நாசிலோடு இரண்டாம் நம்பருக்குப் போக வேண்டும். போகவில்லை. இரண்டு ஓடியது, மூன்று செத்துத்தான் கிடந்தது. ஆக நாசில் நல்ல நாசில். டீசல் பீய்ச்சி அடிக்கிறது, ஆக பம்பும் நல்ல பம்ப். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தார். மூன்றாம் சிலிண்டர் மற்ற மூன்றைப் போலவே முள்ளைத் தூக்கியது. ஆக ரிங், வால்வு எல்லாம் நல்லதுதான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. வேலை மட்டும் செய்யவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து மருமகன் ஃபோன் செய்தான். கம்பெனியில் கேட்கிறார்களாம். அதை வைத்ததும் சென்னியப்பன் வந்தார். நாலு நாளாக வாடகை வண்டியில் தேங்காய் ஏற்றுவதாகவும், என்னதான் கோளாறு என்றும் கேட்டார். அர்த்தநாரிக்கு நாக்கு தானாகப் புரண்டது. இன்ஜினைக் கீழே இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மில்லில் பேசுகிற அதே கணீரென்ற குரலில்.

சென்னியப்பன் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு தூரத்துக்குத் தன்னால் ஆகாது, காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, வண்டியின் கதவை ஒரு தடவை திறந்து மூடினார். எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்ஜின் இறக்கோணும்னு தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் ஏனுங்ணா சொன்னீங்க?"

"தெரியலைன்னு எப்படிங்க அம்மிணி சொல்றது?"

"இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே. அப்படித்தான்."

டீக்கடை முப்பது அடி தூரம். அர்த்தநாரிக்கு அதைக் கடக்க வெகு நேரம் ஆயிற்று. என்ன கோளாறு என்று தனக்குத் தெரியாது, இன்ஜினை இறக்கச் சொன்னது வாயில் வந்ததைச் சொன்னது, இன்னும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டார். சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாலு நாளில் இப்போதுதான் நம்பும்படியாக ஒரு பேச்சு கேட்கிறேன் என்று சொல்லி, இன்னொரு டீ போடச் சொன்னார். இது பாராட்டா, குத்தலா என்று அர்த்தநாரிக்கு விளங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் எந்த நாசிலையும் கழற்றவில்லை. பைப்புகளை எடுத்துவிட்டு நாலு நாசிலும் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். என்ன செய்வதென்று தெரியாதபோது மில்லில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோலர்கள் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அதனால் ஏதாவது கிடைக்கும் என்று இல்லை, கைக்கு ஒரு வேலை. இப்போதும் அப்படித்தான் ஸ்கேலை எடுத்து நாலு நாசில் தலையின் மேலும் படுக்க வைத்தார்.

ஸ்கேல் படுக்கவில்லை. மூன்றாம் நம்பர் மேல் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்படியேதான். மூன்றாம் நாசில் மட்டும் ஒரு நூல் அளவு உயரமாக நின்றது. நாசிலும் நல்லது, சிலிண்டரும் நல்லது, ஆனால் நாசில் உட்கார வேண்டிய ஆழத்தில் உட்காரவில்லை. அதைக் கழற்றினார். அடியில் இருக்கிற செப்பு வாஷர் நாசிலோடு வந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். கீழே கறுப்பாக ஒரு வட்டம். நேற்று அதை ஓட்டையின் அடித்தளம் என்று நினைத்து விட்டிருந்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டு, இழுத்தார். வரவில்லை. நெம்பி இழுத்தார். கரி பிடித்த இன்னொரு வாஷர் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது.

ஒரு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. டீசல் தெளிக்க வேண்டிய இடத்தில் தெளிக்காமல் ஓட்டையின் சுவரிலேயே அடித்து வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே ஒரு புது வாஷர் போட்டு மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். புகை கொஞ்சம் வந்து நின்றது. இன்ஜின் நாலு காலில் ஓடியது. மூன்றாம் நம்பர் நட்டை லூஸ் செய்தார். வண்டி கிடுகிடுவென்று ஆடியது. இத்தனை நாளில் அர்த்தநாரி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நட்டை முறுக்காமலேயே கொஞ்ச நேரம் அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமயந்தி வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, டீசல் சிந்துகிறது முறுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முறுக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இரண்டாவது வாஷர் தானாக முளைக்காது. இரண்டு மாதம் முன்பு சர்வீஸ் செய்த அன்றைக்கு நாலு புது வாஷர் போட்டார். பழசு மூன்றுதான் கையில் வந்தது. நாலாவது கீழே எங்கேயாவது உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தேடவும் இல்லை, ஓட்டைக்குள் குனிந்து பார்க்கவும் இல்லை. இருபத்து நாலு வருடம் ஃபிட்டராக இருந்தவருக்கு அதற்கெல்லாம் அவசியம் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சென்னியப்பனிடம் அதை ஒளிக்காமல் சொன்னார். அவர் கொஞ்சம் திட்டினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் அர்த்தநாரி நேரத்தோடு வந்தார். ஒரு டெம்போவுக்கு நாசில் கழற்ற வேண்டியிருந்தது. வேலையைத் தொடங்கியவர் பாதியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தமயந்தியிடம் போனார்.

"அந்த வாஷரை விட்டவன் நான்தானுங்க அம்மிணி."

"தெரியுமுங்ணா."

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மூணாம் நம்பர்ங்கிறது திங்கக்கெழமையே. வாஷர்னு நேத்து நீங்க எடுத்தப்பதான். அதுக்கு முன்னாடி எனக்கும் தெரியாது."

அர்த்தநாரி, மருமகனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அவளுடைய பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தனக்கே பதில் தெரிந்துவிட்டது என்றார்.

"என்ன தெரிஞ்சுதுங்ணா?"

"இப்ப அந்த டெம்போ நாசிலைக் கழட்டுறேன். கை ஆடுதுங்க. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். வாஷர் இல்லை. இருந்தாலும் மறுபடி பாத்தேன். மூணாவது தடவையும் பாத்தேன். மில்லுல ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்லீங்க. இப்படி ஆடுற கையை வெச்சுக்கிட்டு நான் எதுக்குங்க இங்க?"

தமயந்தி அவர் கீழே வைத்துவிட்டு வந்த ஸ்பேனரை எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

"புதங்கெழமையும் இதேதாங்ணா பண்ணுனீங்க. ஆடுதுன்னு சொல்லி நல்லதைக் கழட்டிப்போட்டீங்க."